நானோப் பொருள் ஆக்கத்தில் செயற்கை நுண்ணறிவும் இயந்திர மனிதனும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்விழாவில் இத்தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் கல்லூரியில் வரலாறு பயின்றவன். வேதியியற் கூடத்தில் நின்று ஆராய்ந்தவன் அல்லன். ஆயினும் எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர்களிடம் கேட்டும், இயன்ற அளவு படித்தும் அறிந்துகொண்டவற்றை, வரலாற்று மாணவன் ஒருவனின் பார்வையில் உங்கள்முன் வைக்கிறேன்.

இப்பொருள் குறித்து நாட்டில் இருவகைப் பேச்சு நிலவுகிறது. 'இனி இயந்திரமே விஞ்ஞானி. படித்தவனுக்கும் வேலையில்லை' என்று அஞ்சுவோர் ஒருபுறம். 'இவையெல்லாம் வெறும் விளம்பரம்' என்று ஒதுக்குவோர் மறுபுறம். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல. எந்த ஆராய்ச்சிக்கும் மூன்று பகுதிகள் உண்டு. எதைத் தேடுவது என்று கேட்பது முதற்பகுதி. தேடிச் சோதித்துப் பார்ப்பது நடுப்பகுதி. கிடைத்தது இன்னதென்று உறுதி செய்வது இறுதிப்பகுதி. இவற்றுள் நடுப்பகுதியை இயந்திரம் வியக்கத்தக்க வேகத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டது. முதலும் இறுதியும் இன்றும் கற்றறிந்த மனிதனிடமே உள்ளன. ஆகவே கல்வியின் தேவை குறையவில்லை, முன்னைவிட மிகுந்திருக்கிறது. இதுவே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நானோ என்பது யாது?

ஒரு மீட்டரை 100 கோடிப் பகுதிகளாகப் பிரித்தால் அவற்றுள் ஒரு பகுதியே ஒரு நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரை இருக்கும். 1 முதல் 100 நானோமீட்டர் அளவுக்குள் அடங்கும் துகள்களையும் இழைகளையும் ஏடுகளையும் நானோப் பொருள்கள் என்று வழங்குகிறோம்.

இவ்வளவு சிறிதாக்குவதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு பொருளை இந்த அளவுக்குச் சிறிதாக்கும்போது அதன் குணமே மாறிவிடுகிறது. தங்கம் மஞ்சள் நிறம் என்பது நாம் அறிந்தது. அதே தங்கத்தைச் சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கி நீரில் பரவச் செய்தால் அந்நீர் மாதுளைச் சாறுபோல் சிவந்து தோன்றும். மைக்கேல் பாரடே 1857ஆம் ஆண்டிலேயே இத்தகைய செந்நிறத் தங்கக் கரைசலை ஆராய்ந்து எழுதினார்.

காட்மியம் செலினைடு என்னும் சேர்மம் இதனினும் வியப்பானது. அதன் துகள் 2 நானோமீட்டர் அளவில் இருந்தால் நீல ஒளி தரும். 6 நானோமீட்டர் அளவுக்கு வளர்ந்தால் சிவப்பு ஒளி தரும். பொருள் ஒன்றே, அளவு மாறினால் நிறம் மாறுகிறது. இத்தகைய துகள்களைக் குவாண்டம் புள்ளிகள் என்பர். 1981இல் அலெக்சி எகிமோவ் கண்ணாடியினுள்ளும், 1983இல் லூயி புரூஸ் கரைசலினுள்ளும் இவ்விளைவைக் கண்டனர். ஒரே அளவான துகள்களைச் செம்மையாகச் செய்யும் முறையை 1993இல் மவுங்கி பவெண்டி வகுத்தார். இம்மூவர்க்கும் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இதிலுள்ள இடர்ப்பாட்டைத் தாய்மார்கள் எளிதில் உணர்வார்கள். வெல்லமும் நீரும் ஒன்றே. ஆனால் அடுப்பில் சிறிது நேரம் கூடினால் கம்பிப் பதம் உருண்டைப் பதமாகிவிடும். மேலும் கூடினால் பாகு முறிந்துவிடும். நானோப் பொருளும் அவ்வாறே. சரக்கு எது என்பது மட்டும் போதாது. வெப்பம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, எதை முதலில் சேர்ப்பது, எவ்வளவு விரைவாகச் சேர்ப்பது என்பன யாவும் பதத்தைத் தீர்மானிக்கின்றன. அப்பதத்தைக் கண்டறிவதே ஆராய்ச்சியாளரின் பெரும்பாடு.

அறியாமற் செய்தவர்கள்

நானோப் பொருளை மனிதன் அறிவதற்கு நெடுங்காலம் முன்னரே செய்திருக்கிறான் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. அது நம் மண்ணோடும் தொடர்புடையது. தென்னிந்தியாவில் மண் மூசைகளில் உருக்கிச் செய்யப்பட்ட எஃகு பழங்காலந்தொட்டே கடல் கடந்து சென்றது. ஐரோப்பியர் அதனை 'ஊட்ஸ்' என்றனர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், இரும்பு உருக்கும் தொழில் அங்குச் சிறந்திருந்தமையைக் காட்டியுள்ளன. தென்னாட்டு எஃகிலிருந்து மேற்காசியக் கொல்லர்கள் அலையலையான கோடுகள் கொண்ட டமாஸ்கஸ் வாள்களைச் செய்தனர்.

அத்தகைய வாள் ஒன்றின் சிறு துண்டை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பேராசிரியர் பீட்டர் பவ்ப்ளரும் அவர் குழுவினரும் ஆற்றல்மிகு நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். அதனுள் கார்பன் நானோ குழாய்கள் இருந்ததாக 2006ஆம் ஆண்டு அறிவித்தனர். கார்பன் நானோ குழாய்களை ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா உலகறியச் செய்தது 1991ஆம் ஆண்டில்தான்.

உருக்கியவர்களின் கைக்குப் பதம் தெரிந்திருந்தது. ஆனால் செய்தது இன்னதென்று காட்டும் கருவி அவர்களிடம் இல்லை. செய்முறையை எழுதி வைக்கும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. கையில் தொழில் இருந்தவர்களிடம் எழுத்து இல்லை. எழுத்து இருந்தவர்கள் அத்தொழிலை அருகிருந்து பார்க்கவில்லை. அதனால் அக்கலை தேய்ந்து மறைந்தது. செய்வது ஒன்று, செய்ததை அறிவது வேறொன்று. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுங்கள். இதற்கு மீண்டும் வருவேன்.

ஒவ்வொன்றாகத் தேடிய காலம்

நம் வயல்களுக்கு இடும் யூரியாவுக்கு மூலம் அம்மோனியா. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா செய்யலாம் என்று 1909இல் பிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டினார். அவர் பயன்படுத்திய வினையூக்கி ஆஸ்மியம் என்னும் அரிய உலோகம். தொழிற்சாலைக்கு அது கட்டுபடியாகாது. ஆகவே ஜெர்மனியின் பாஸ்ப் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் என்பவர் மலிவான வினையூக்கியைத் தேடத் தொடங்கினார். ஏறத்தாழ 2,500 பொருள்கள், 6,500 சோதனைகள்.

அத்தேடலில் ஒரு நிகழ்ச்சி. சுவீடன் நாட்டு இரும்புத் தாது ஒன்று நன்கு வேலை செய்தது. ஆனால் தூய இரும்பு அவ்வாறு செய்யவில்லை. தூயது தோற்று, மாசு கலந்தது வென்றது ஏன் என்று மிட்டாஷ் சிந்தித்தார். தாதுவில் கலந்திருந்த சிறு அளவுப் பிற பொருள்களே இரும்பின் ஆற்றலைத் தூண்டுகின்றன என்று உணர்ந்தார். அலுமினியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைத் திட்டமிட்டு இரும்புடன் சேர்த்தார். 1913இல் ஓப்பாவ் நகரில் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான சோதனைகளைச் செய்தது உழைப்பு. எதிர்பாராத ஒன்றைக் கண்டதும் 'இது ஏன்?' என்று நின்று கேட்டது அறிவு.

இயந்திரம் எவ்வாறு தேடுகிறது?

மிட்டாஷ் செய்த அவ்வுழைப்பு இன்று எவ்வளவு பெருகியுள்ளது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு செய்முறையில் மாற்றக்கூடிய கூறுகள் 10 என்றும், ஒவ்வொன்றுக்கும் 10 அளவுகள் என்றும் கொள்வோம். மொத்தம் 1,000 கோடிச் சேர்க்கைகள். நாளொன்றுக்கு 100 சோதனை செய்தாலும் அனைத்தையும் முடிக்க 2 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே எல்லாவற்றையும் சோதிக்க இயலாது. எதை அடுத்துச் சோதிப்பது என்று தேர்வதே திறமை.

இத்தேர்வைச் செயற்கை நுண்ணறிவு எவ்வாறு செய்கிறது? நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதோடு ஒப்பிடலாம். நீர் கிடைத்த இடத்துக்கு அருகில் தோண்டினால் மீண்டும் நீர் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் அங்கேயே தோண்டிக்கொண்டிருந்தால், யாரும் தொடாத மேட்டு நிலத்தின் கீழே ஓடும் பெரிய ஊற்றை என்றும் அறியமாட்டோம். அறிவாளி இரண்டையும் கலந்து செய்வான். கணிப்பொறியும் அதையே எண்களால் செய்கிறது. இதுவரை கிடைத்த முடிவுகளிலிருந்து, எங்கே நல்ல பலன் எதிர்பார்க்கலாம், எங்கே நமக்கு ஒன்றுமே தெரியாது என்று இரண்டையும் கணக்கிடுகிறது. பிறகு அடுத்த சோதனையைக் குறிக்கிறது. இயந்திரக் கை அதைச் செய்கிறது. அளவு கருவி முடிவைத் திருப்பித் தருகிறது. அம்முடிவைச் சேர்த்துக்கொண்டு கணிப்பொறி மறுபடியும் கணக்கிடுகிறது. இரவு பகலாக இச்சுற்று நடக்கிறது. தோல்வியுற்ற சோதனைகூட விடாமல் பதிவாகிறது. மனிதர் பெரும்பாலும் வெற்றியை மட்டுமே எழுதி வைப்பர்; தோல்வியும் பாடம் என்பதை இவ்வியந்திரம் நமக்கு நினைவூட்டுகிறது.

இனி நடந்த நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்க விமானப்படை ஆராய்ச்சிக் கூடத்தில் பெஞ்சி மருயாமா குழுவினர் அமைத்த 'ஏரெஸ்' என்னும் அமைப்பு. இதன் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. மிகச் சிறிய சிலிக்கன் தூண்களின்மேல் வினையூக்கியை வைத்து, லேசர் ஒளியால் சூடாக்கி, கார்பன் அடங்கிய வாயுவைச் செலுத்திக் கார்பன் நானோ குழாய்களை வளர்த்தனர். அவை வளரும்போதே ஒளியைச் சிதறச் செய்து வளர்ச்சி வேகத்தை அளந்தனர். குறிப்பிட்ட வேகத்தில் வளரச் செய்ய என்ன நிலைமைகள் வேண்டும் என்பதை அவ்வமைப்பு தானே சோதித்துக் கற்றுக்கொண்டது. நாளொன்றுக்கு 100 சோதனைகள் வரை அதனால் செய்ய முடிந்தது.

இரண்டாவது, 2020இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிலாத் அபுல்ஹசானி குழுவினர் உருவாக்கிய 'செயற்கை வேதியியலர்'. மெல்லிய குழாய்களுக்குள் சிறு துளிகளாகக் கரைசல்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு துளியும் ஒரு தனிச் சோதனைக் குடுவை போன்றது. அதனுள் பெரோவ்ஸ்கைட்டு வகைக் குவாண்டம் புள்ளிகள் உருவாகின்றன. அவை எந்நிறத்தில் ஒளிர்கின்றன, எவ்வளவு பிரகாசமாக ஒளிர்கின்றன, நிறம் எவ்வளவு தூய்மையாக உள்ளது என்னும் மூன்றையும் கருவி உடனுக்குடன் அளக்கிறது. 'இந்த நிறம் வேண்டும்' என்று மனிதன் சொன்னால், அதற்குரிய பதத்தை இயந்திரம் தேடிப் பிடிக்கிறது.

மூன்றாவது, அதே 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கூப்பர் குழுவினர் செய்தது. சூரிய ஒளியின் துணையால் நீரிலிருந்து ஹைட்ரஜன் பெற உதவும் வினையூக்கிக் கலவையைத் தேடினர். அவர்களின் ரோபோ ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ளது. சக்கரங்களில் நகர்ந்து, மனிதர் பயன்படுத்தும் அதே கூடத்தில், இருட்டிலும் வழி தவறாமல் வேலை செய்தது. 9 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகளிலிருந்து தேர்ந்து, 8 நாள்களில் 688 சோதனைகளைச் செய்தது. மின்கலத்தை ஏற்றிக்கொள்ளவே இடையிடையே நின்றது. தொடக்கத்தில் இருந்ததைவிட 6 மடங்கு செயல்திறன் உள்ள கலவையைக் கண்டது. உதவக்கூடும் என்று மனிதர் கருதிச் சேர்த்திருந்த சாயங்கள் உதவவில்லை என்பதையும் காட்டியது.

இந்த லிவர்பூல் சோதனையில் நாம் நோக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த ரோபோவுக்கு வேதியியல் தெரியாது. எந்தப் பொருள்களைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று முன்னரே சிந்தித்துத் தட்டுகளில் வைத்தவர்கள் மனிதர்கள். எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களும் மனிதர்களே. நிரல் எழுதப்பட்ட எல்லைக்குள் அது தேடியது. எல்லைக்கு வெளியே எத்துணை நல்ல பொருள் இருந்தாலும் அதை அது தொட்டிருக்காது.

பெர்க்லியில் எழுந்த வழக்கு

இப்போது இறுதிப்பகுதிக்கு, அதாவது கிடைத்தது இன்னதென்று உறுதி செய்வதற்கு வருகிறேன். இதில்தான் நமக்குப் பெரும்பாடம் உள்ளது.

2023 நவம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தினர் 'ஏ-லேப்' என்னும் தானியங்கி ஆய்வுக்கூடம் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். ஜெர்பிராண்ட் சீடர் என்னும் பேராசிரியர் அக்குழுவின் தலைவர்களுள் ஒருவர். ரோபோக்கள் பொடிகளைக் கலந்து உலையிலிட்டு வேகவைத்தன. பிறகு எக்ஸ் கதிர் செலுத்தி, உருவானது எது என்று கணிப்பொறியே தீர்மானித்தது. 17 நாள்களில், இலக்காகக் கொண்ட 58 புதிய சேர்மங்களுள் 41ஐச் செய்து முடித்ததாக அறிவித்தனர். உலகெங்கும் அது பெருஞ்செய்தி ஆயிற்று.

லண்டனில் ராபர்ட் பால்கிரேவ், பிரின்ஸ்டனில் லெஸ்லி ஷூப் ஆகியோர் அத்தரவுகளை வாங்கி, தம் குழுவினருடன் ஒவ்வொன்றாகப் பொறுமையாக ஆராய்ந்தனர். அக்கட்டுரையில் புதிய பொருள் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதே அவர்கள் 2024இல் வெளியிட்ட முடிவு. எங்கே பிழை?

கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் வரிசையாக உள்ளன. ஒரு புள்ளி சிவப்பு, அடுத்தது மஞ்சள் என்று முறை மாறாமல் வைத்தால் அது ஒரு கோலம். அதே எண்ணிக்கைச் சிவப்பையும் மஞ்சளையும் முறையின்றிக் கலந்து வைத்தால் அது வேறு கோலம். படிகத்துக்குள் இரண்டு உலோக அணுக்கள் அமைவதும் அவ்வாறே. கணிப்பொறி முன்கூட்டிச் சொன்னது முறையாக அடுக்கிய படிகம், அது புதியது. ஆனால் உலையில் உண்மையில் உருவானது, பல நேர்வுகளில், அணுக்கள் முறையின்றிக் கலந்த படிகமே. அது முன்பே அறியப்பட்டது. இவ்விரண்டும் எக்ஸ் கதிர்ப் படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றக்கூடும். சிறு வேறுபாட்டைக் கண்டு சொல்லப் பழகிய கண் வேண்டும். தானியங்கி அதைக் கவனிக்கவில்லை. தான் எதிர்பார்த்ததையே கண்டதாகக் கூறிவிட்டது.

பெர்க்லி குழுவினர் தம் ஆய்வுக்கூடத்தின் பயனை நிலைநாட்டி மறுமொழி தந்தனர். தேர்ந்த மனிதர் இதனினும் செம்மையாகப் பகுத்தாய முடியும் என்பதையும் மறுக்கவில்லை. அவர்களின் முயற்சியை நான் குறைத்துப் பேசவில்லை. உலையும் ரோபோவும் ஓய்வின்றி வேலை செய்தது உண்மை. ஆயினும் 17 நாள்களில் இயந்திரம் செய்ததைத் தீர்மானிக்க, படிகவியலை ஆண்டுக்கணக்கில் கற்றவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

அதே மாதத்தில் கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தார், செயற்கை நுண்ணறிவால் 22 லட்சம் புதிய படிக அமைப்புகளைக் கணித்ததாகவும், அவற்றுள் 3,80,000 மிகவும் நிலையானவை என்றும் அறிவித்தனர். அந்தோணி சீத்தம், ராம் சேஷாத்ரி என்னும் இரு பேராசிரியர்கள் அப்பட்டியலை ஆராய்ந்து, அவற்றுள் உண்மையிலேயே புதியவை, பயனுள்ளவை என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்று 2024இல் எழுதினர். பட்டியல் நீண்டதால் பண்டாரம் நிறைந்தது என்று பொருளாகாது.

ஏ-லேபில் செய்யப்பட்டவை நானோத் துகள்கள் அல்ல, சாதாரணப் பொடிகள். நானோப் பொருளில் இவ்விடர் இன்னும் மிகும். படிகம் சிறுத்துக்கொண்டே போனால் எக்ஸ் கதிர்ப் படத்தின் கோடுகள் அகன்று மங்கிவிடும் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே பால் ஷெரர் கணித்துக் காட்டினார். கூர்மையான கோட்டிலேயே தடுமாறும் தானியங்கி, மங்கிய கோட்டில் எவ்வாறு தெளிவாகத் தீர்மானிக்கும்? நம் பழைய கொல்லருக்குச் செய்யும் கை இருந்தது. செய்ததை அறியும் கருவி இல்லை. இன்றைய இயந்திரத்துக்குக் கை இருக்கிறது, கருவியும் இருக்கிறது. ஆனால் 'நான் சொல்வது சரிதானா?' என்று தன்னையே ஐயுறும் பழக்கம் இன்னும் போதவில்லை. அவ்வையத்தை எழுப்பக் கற்ற மனிதன் வேண்டும்.

எதைத் தேடுவது?

இனி முதற்பகுதி. இயந்திரம் சொன்னதைத் தேடும், சொல்லாததைத் தேடாது. மேலே சொன்ன செயற்கை வேதியியலரிடம் நிறம், பிரகாசம், தூய்மை ஆகிய மூன்றையும் அளக்கச் சொன்னார்கள். அது செய்த பெரோவ்ஸ்கைட்டுத் துகள்களில் ஈயம் உண்டு. முன்னர்க் கூறிய குவாண்டம் புள்ளிகளில் காட்மியம் உண்டு. இரண்டும் நச்சுத்தன்மை உள்ளவை. ஜப்பானில் ஜின்சூ ஆற்றோரத்து மக்கள், சுரங்கத்திலிருந்து வெளியேறி நீரிலும் நெல்லிலும் கலந்த காட்மியத்தால் எலும்பு நோயுற்று அழுதனர். 1968இல் அந்நாட்டு அரசே அக்காரணத்தை ஏற்றுக்கொண்டது. 'நஞ்சு குறைவாக இருக்க வேண்டும்' என்று அளவுகோலில் மனிதன் எழுதினால்தான் இயந்திரம் அதைத் தேடும். எழுதாவிட்டால், மிகப் பிரகாசமான நஞ்சை மிக விரைவாகக் கண்டுபிடித்துத் தரும். இத்தகைய பொருள்களைச் செய்யும் ஆலையில் நின்று வேலை செய்பவர் யார், கழிவு எவர் குடியிருப்புக்கு அருகே கொட்டப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள், கேள்வி எழுதும் மேசையிலும் இருக்க வேண்டும். அதை உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நல்ல கேள்விக்கும் ஓர் எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவினர், ஏழைக் குடும்பத்துக்கும் தூய குடிநீர் கிடைக்க வழி என்ன என்று கேட்டனர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்னும் பொருளைக் கொண்டு நானோக் கலப்புப் பொருளைச் செய்து, அதில் வெள்ளி நானோத் துகள்களைப் பொதித்தனர். அவற்றிலிருந்து சிறிது சிறிதாக வெளிப்படும் வெள்ளி அயனிகள் நீரிலுள்ள கிருமிகளைக் கொல்கின்றன. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2.5 டாலர் செலவில் தூய நீர் தரலாம் என்று 2013இல் அவர்கள் எழுதினர். ஆர்செனிக் கலந்த நீரைத் தூய்மையாக்கும் முறையையும் அக்குழுவினர் வகுத்தனர். இங்கே ரோபோ இல்லை. ஆனால் கேள்வி இருந்தது. இத்தகைய கேள்வியோடு மேலே சொன்ன வேகமும் சேருமானால் எவ்வளவு நன்மை விளையும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களுக்கு

மாணவச் செல்வங்களே, இதனால் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

ஆய்வுக்கூடத்தில் நாள் முழுதும் ஒரே அளவில் திரவத்தை ஊற்றிக்கொண்டிருக்கும் பணிகள் குறையும். இதை மறைத்துப் பயனில்லை. அபாயமான அமிலத்தையும் வாயுவையும் மனிதக் கைக்குப் பதில் இயந்திரக் கை ஏந்துமானால் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் ரோபோவைப் பழுது பார்ப்பவர், நிரல் எழுதுபவர், அளவு கருவியைச் செப்பம் செய்பவர், தரவைப் படித்து 'இது உண்மை, இது மயக்கம்' என்று பிரிப்பவர் ஆகியோர் தேவைப்படுவர். அவ்விடங்களுக்கு நீங்கள் ஆயத்தமாக வேண்டும்.

அதற்கு மூன்று சொல்கிறேன். ஒன்று, கணக்குப் பாடத்தைக் கைவிடாதீர்கள். மேல்நிலை வகுப்பில் கடினம் என்று கணக்கை விட்டு விலகுவோர் பலர். செயற்கை நுண்ணறிவின் அடித்தளம் நிகழ்தகவும் புள்ளியியலும் அணிகளுமே. இவை நம் பாடநூலிலேயே உள்ளன. இரண்டு, செய்முறை வகுப்பில் அடுத்தவன் குறிப்பேட்டைப் பார்த்து எழுதாதீர்கள். பருமனறி பகுப்பாய்வில் உங்கள் பியூரெட்டில் வந்த அளவை வந்தவாறே எழுதுங்கள். எதிர்பார்த்த விடை வரவில்லை என்றால் ஏன் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மிட்டாஷ் அவ்வாறு கேட்டவர். பெர்க்லியின் தானியங்கி அவ்வாறு கேட்கவில்லை. இவ்விரண்டின் விளைவையும் இன்று கேட்டீர்கள். மூன்று, பட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும், பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகமும் தொலைவில் இல்லை. மெட்ரிக் பள்ளிப் படிப்புக்குப் பிந்திய உதவித்தொகையும், முனைவர் பட்ட ஆய்வுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும், அயல்நாட்டுக் கல்விக்கான உதவித்தொகையும் நம் பிள்ளைகளுக்கென்றே உள்ளன. அவற்றின் விண்ணப்ப நாள்களைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஆண்டுதோறும் தவறாது எழுதிவைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நல்ல விடை சொன்னால் மகிழ்கிறீர்கள். நல்ல கேள்வி கேட்டாலும் மகிழுங்கள். விடையைத் தேடும் இயந்திரம் வந்துவிட்டது. கேள்வி கேட்கவும், வந்த விடையை எடைபோட்டுப் பார்க்கவும் வல்ல பிள்ளைகளை வளர்ப்பது வீட்டிலும் பள்ளியிலும்தான் நடக்க வேண்டும். இச்சங்கம் 25 ஆண்டுகளாக ஆற்றி வரும் பணியும் அதுவே என்று கருதுகிறேன்.